ஆபரேஷன் பயத்துக்குப் பேச்சா, மாத்திரையா, வீட்டு ஆளா, பாட்டா?

நாளைக்குக் காலையில் முதல் கேஸ். இராத்திரி பதினோரு மணி ஆகியும் பேஷண்ட் தூங்காமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது என்ன செய்வது என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் பிள்ளைகள் கேட்பது வழக்கம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதா, டாக்டருக்குப் போன் போட்டு ஒரு மாத்திரை எழுதி வாங்குவதா, வராந்தாவில் படுத்திருக்கும் சம்சாரத்தை உள்ளே கூப்பிட்டு விடுவதா, இல்லை காதில் பாட்டை மாட்டிவிட்டு அடுத்த பெட்டைப் பார்க்கப் போவதா? வீட்டு ஆட்களும் இதையேதான் வேறு மாதிரி கேட்கிறார்கள்: "சிஸ்டர், அப்பாவுக்கு இங்கேயே ஒரு ஊசி போட்டுத் தூங்க வச்சுக் கூட்டிட்டுப் போயிடுங்களேன்."

நான்குக்கும் இடம் இருக்கிறது. ஆனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு எதைப் பற்றிப் பயம் என்று கேட்காமல் இந்த நான்கில் எதை எடுத்தாலும் குத்துமதிப்புதான். கேட்டுவிட்டால் பாதித் தேர்வு தானாகவே முடிந்துவிடும்.

முதலில், அது பயம்தானா?

நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்று ஒருவர் சொன்னால், "டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்கள்தான் அதிகம். ராத்திரியிலிருந்து பட்டினி கிடக்கும் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கினாலும் இதே மூன்றும் வரும், விரலில் குத்திப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். தினமும் குடிக்கிற ஒருவர் அட்மிஷன் ஆன மறுநாள் நடுங்கினால், குடி நின்றதால் வந்த நடுக்கமாக இருக்கலாம். வீட்டு ஆட்கள் இருக்கும்போது கேட்டால் "எப்பவாவதுதான்" என்பார், அவர்கள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் கேட்டால் உண்மை வரும். அதை மயக்க டாக்டருக்குச் சொல்லியே ஆக வேண்டும், மருந்தளவே மாறக்கூடிய விஷயம். நாடி, பிரஷர், ஆக்ஸிஜன், சர்க்கரை நான்கையும் பார்த்துவிட்டு அப்புறம் பயம் என்று எழுதலாம்.

இன்னொன்று தண்ணீர். பல இடங்களில் இன்றைக்கும் "ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல சொட்டுத் தண்ணி கூடாது" என்று எல்லாருக்கும் ஒரே சட்டம். லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி போதும் என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மயக்க மருந்து வழிகாட்டுதல். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறவர் பதினாலு மணி நேரம் நாக்கு ஒட்டிக் கிடந்தால் அவருக்கு எரிச்சல் வராமல் என்ன வரும்? வயிற்றில் அடைப்பு மாதிரி வேறு காரணம் இல்லையென்றால், "இவருக்குக் காலையில் தண்ணீர் கொடுக்கலாமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பதைவிட மலிவான ஆறுதல் வார்டில் கிடையாது.

எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து. பயத்தின் காரணத்தைத் தொடுகிறதா, இல்லை மேலே போர்த்தி மூடுகிறதா? எவ்வளவு நேரத்தில் பலன் தெரியும்? மயக்கத்திலிருந்து எழும்போது அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும்? யாருடைய நேரம் செலவாகும்? யாருக்கு ஒத்துக்கொள்ளாது?

மூன்றாவதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ராத்திரி வார்டில் கொடுத்ததன் விலையை மறுநாள் ரெகவரியில், அதாவது ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிகிற அறையில், நிற்கிற நர்ஸ் கொடுக்கிறார், கொடுத்தவருக்கு அது தெரியவே வருவதில்லை.

ஒன்று: உட்கார்ந்து பேசுவது

பேசுவது என்றால் "ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க" என்பதில்லை. அதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அவருக்கு அது போதவில்லை என்பதால்தான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "நாளைக்கு ஆபரேஷன்ல உங்களுக்கு எதை நினைச்சா ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். வருகிற பதில்கள் பெரும்பாலும் இவைதான்: முழிக்காமலே போய்விடுவேனோ, பாதியில் முழித்துக்கொள்வேனோ, முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகு வலிக்குமாமே, மயக்கத்தில் எதையாவது உளறிவிடுவேனோ, துணியில்லாமல் படுத்திருக்கும்போது யார் யார் பார்ப்பார்கள்.

ஒவ்வொன்றுக்கும் குறிப்பான பதில் உண்டு. "நான் முழிச்சுக்குவேன்ல சிஸ்டர்?" என்று கேட்பவரிடம், "மயக்க டாக்டர் மருந்தைக் கொடுத்துட்டு வெளியே போயிட மாட்டாரும்மா. ஆபரேஷன் முடியற வரைக்கும் உங்க தலைமாட்டுலயே நின்னு மூச்சு, பிரஷர் எல்லாம் பார்த்துக்கிட்டே இருப்பாரு. முடிஞ்சதும் மருந்தை நிறுத்துவாரு, உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு" என்றால் முகத்தில் வித்தியாசம் தெரியும். மயக்கம் கொடுத்துவிட்டு டாக்டர் போய்விடுவார் என்றே நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாதியில் முழிப்பது பற்றி: பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய கணக்கெடுப்பு 2014ல் வெளிவந்தது, நோயாளிகள் தாங்களாக வந்து சொன்னது சுமார் 19,000 மயக்கங்களுக்கு ஒன்று. ஒவ்வொருவரையும் தேடிப் போய்க் கேட்ட பழைய ஆய்வுகளில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு வரை வந்திருக்கிறது. இந்த எண்களை நோயாளியிடம் ஒப்பிக்க வேண்டாம், "ரொம்ப அபூர்வம், அதுக்குத்தான் ஒரு டாக்டர் பக்கத்துலயே இருக்காரு" என்றால் போதும். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்கிற முதுகு ஊசிக்கு: போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், சிலருக்குத் தலைவலி வரலாம், வந்தால் சொல்லுங்கள், அதற்கு வைத்தியம் இருக்கிறது, ஆயுசுக்கும் முதுகு வலி என்பது அந்த ஊசியால் வருவதில்லை. அதோடு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "ரெண்டு மூணு மணி நேரம் கால் உங்களோடது இல்லாத மாதிரி இருக்கும், அசைக்க வராது, அது சரியாயிடும்." இதை முன்கூட்டியே கேட்காதவர்கள்தான் ரெகவரியில் "என் காலு போச்சே" என்று கத்துகிறவர்கள்.

பேச்சுக்குப் பலன் உண்டா என்பதற்கு அமெரிக்காவில் அறுபதுகளிலேயே பார்த்திருக்கிறார்கள். 1846ல் ஈதர் மயக்கத்தை ஊருக்குக் காட்டிய அதே பாஸ்டன் நகர மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரின் குழு செய்த வேலை அது. 1963ல் வந்த முதல் ஆய்வில், தூக்க மருந்து வாங்கியவர்களுக்குத் தூக்கம் வந்ததே தவிர மனம் அமைதியாகவில்லை, டாக்டர் நேரில் வந்து பேசியவர்கள்தான் அமைதியாக இருந்தார்கள். 1964ல் வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 97 பேரில் ஒரு பகுதியினருக்கு, வலி எங்கே வரும், எப்படிப் புரண்டு படுப்பது, தசையை எப்படித் தளர்த்துவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து மற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்தது. அதில் பேசியது மயக்க மருத்துவர்தான், நர்ஸ் இல்லை. ஆனால் நம் ஊரில் மயக்க டாக்டர் காலையில் தியேட்டர் வாசலில்தான் நோயாளியின் முகத்தையே பார்க்கிறார் என்கிற இடங்களில் வேறு யார் பேசுவது?

இங்கே தாலி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். முதல் நாள் ராத்திரி முழுக்கத் தைரியமாகப் பேசிக்கொண்டிருந்த அம்மாக்கள், காலையில் "எல்லா நகையும் கழட்டிக் கொடுத்துடுங்க" என்று ஆயா வந்து நிற்கும் நிமிஷத்தில் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். கம்மல், வளையல் எல்லாம் சரசரவென்று வந்துவிடும். தாலியில் கை வைத்ததும் அழுகை. தியேட்டரில் கரண்ட் வைத்து ரத்தத்தை நிறுத்தும் கருவி ஓடும், உலோகம் உடம்பில் இருந்தால் சுடக்கூடும் என்பதால்தான் கழட்டச் சொல்கிறோம். ஆனால் அதை ஸ்ட்ரெச்சர் வந்து நிற்கும்போது சொல்லக் கூடாது. முதல் நாள் சாயங்காலமே சொன்னால், வீட்டிலிருந்து மஞ்சள் கயிறு வரும், அதில் ஒரு மஞ்சள் துண்டை முடிந்து மாற்றிக் கட்டிக்கொள்வார்கள், மாங்கல்யத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்து வைப்பார்கள். கழுத்துப் பக்கம் ஆபரேஷன் என்றால் கயிற்றைக் கையில் கட்டிக்கொள்ளலாமா என்று தியேட்டரில் கேட்டுச் சொல்லலாம். மெட்டிக்கும் இதேதான். பதினைந்து நிமிஷத்து வேலை இது. அந்த அழுகையை "ஆபரேஷன் பயம்" என்று எழுதி மாத்திரை கொடுப்பதில் ஒரு அர்த்தமும் இல்லை.

மறைவான விலை நேரம்தான். ராத்திரியில் ஒரு நர்ஸ் முப்பது நாற்பது பெட்டைப் பார்க்கிற வார்டில் ஒருவரோடு கால் மணி நேரம் உட்கார்வது லேசில்லை. ட்ரிப் மாற்ற வேண்டும், ஆன்டிபயாடிக் போட வேண்டும், எதிர் பெட்டில் சக்ஷன் கேட்கிறார்கள். அதனால் சாயங்கால ஷிஃப்டிலேயே, மறுநாள் கேஸ்கள் எல்லாரையும் சேர்த்து உட்காரவைத்துத் தியேட்டரில் நடக்கப்போவதை ஒரே தடவையாகச் சொல்லிவிட்டு, தனிக் கேள்வி இருப்பவர்களிடம் மட்டும் அப்புறம் தனியாகப் போவது நடைமுறைக்கு ஒத்து வருகிறது. இன்னொரு விலையும் இருக்கிறது: சிலருக்கு விவரம் கேட்கக் கேட்கப் பயம் கூடும். "எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க சிஸ்டர், முடிச்சு விட்டுடுங்க" என்கிறவரைப் பிடித்து வைத்து தொண்டையில் போடும் மூச்சு டியூபைப் பற்றிப் பாடம் எடுக்கக் கூடாது. எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று முதலில் கேட்டுவிட வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் 1996ல் உருவாக்கிய ஆறே கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் இருக்கிறது, அதில் நாலு பயத்தைப் பற்றி, மீதி இரண்டு இதைப் பற்றித்தான்.

இரண்டு: மாத்திரை, ஊசி

நம் பக்கம் பழக்கமானது முதல் நாள் ராத்திரி அல்ப்ரசோலம் என்ற பதற்றம் குறைக்கும் மாத்திரை 0.25 அல்லது 0.5 மில்லிகிராம், இல்லையென்றால் தியேட்டருக்குள் போனதும் நரம்பில் அதே வகை ஊசியான மிடாசோலம். எழுதுவது டாக்டர், கொடுப்பது நாம். ஆனால் "பேஷண்ட் தூங்கலை டாக்டர், ஏதாவது கொடுக்கலாமா?" என்று ஆரம்பித்து வைப்பது பெரும்பாலும் நாம்தான், அதனால் இந்தத் தேர்வில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

வேகத்தில் இதை எதுவும் ஜெயிக்க முடியாது. நரம்பில் போட்ட மிடாசோலம் இரண்டு மூன்று நிமிஷத்தில் முகத்தைத் தளர்த்திவிடும். காரணம் கேட்டும் பேசியும் அடங்காத பயம், ஏற்கெனவே பதற்ற நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர், ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறவர் என்றால் தயங்காமல் டாக்டரிடம் கேட்கலாம். வழக்கமாகச் சாப்பிடும் பதற்ற மருந்தை ஆபரேஷன் என்பதற்காக நாமாக நிறுத்திவிடவும் கூடாது.

விலை என்ன? பிரான்ஸில் நடந்து 2015ல் வெளிவந்த ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு அதே வகை மாத்திரையான லோரசெபாம், ஒரு பகுதிக்குப் போலி மாத்திரை, மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை என்று பார்த்தார்கள். மாத்திரை வாங்கியவர்களின் திருப்தி மற்றவர்களைவிடக் கூடவில்லை. தொண்டையில் போட்ட மூச்சு டியூபை எடுக்கத் தாமதமானது, நினைவு தெளியவும் நேரம் பிடித்தது. எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மாத்திரை என்ற பழைய வழக்கத்துக்கு இது பெரிய அடி.

வயதானவர்களுக்கு இன்னும் மோசம். இந்த வகை மாத்திரைகள் பெரியவர்களிடம் குழப்பத்தைக் கிளப்பும், ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகையில் விழ வைக்கும். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்கிறவர், நுரையீரல் சரியில்லாதவர் என்றால் மூச்சே மந்தமாகலாம். சிலருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும், அமைதிக்குப் பதில் ஆர்ப்பாட்டம் வருவதும் உண்டு.

எழுத்து வேலையிலும் ஒரு பொறி இருக்கிறது. சம்மதக் கையெழுத்து வாங்காமல் மாத்திரையைக் கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. கொடுத்த பிறகு சொல்கிற எதுவும் நினைவில் நிற்காது என்பதால் சொல்ல வேண்டியதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொல்லி, கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டு, மாத்திரை அதற்குப் பிறகுதான்.

மூன்று: வீட்டு ஆளை உடன் விடுவது

பெரியவர்களுக்கு, தியேட்டர் வாசல் வரை ஒரு ஆள் கூட வருவது எந்த மருந்துச்சீட்டும் இல்லாமல் கிடைக்கிற நிம்மதி. ஆனால் யார் அந்த ஆள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முதல் நாள் பார்க்க வந்து, "எங்க ஒண்ணுவிட்ட சித்தப்பாவும் இதே ஆபரேஷனுக்குத்தான் போனாரு, அப்புறம் திரும்பவே இல்ல" என்று ஆரம்பிக்கிற சொந்தக்காரர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வார்டு வாசலில் அவர்களைத் தடுப்பதும் மனநல ஆதரவுதான். நோயாளியிடமே "நாளைக்கு உங்க கூட யார் வரணும்?" என்று தனியாகக் கேட்டால், வருகிற பதில் சில சமயம் வீட்டுக்காரர் பெயராக இருக்காது, தங்கச்சி பெயராகவோ பக்கத்து வீட்டு அக்கா பெயராகவோ இருக்கும்.

குழந்தைகள் கதை வேறு. அம்மா மயக்கம் கொடுக்கும் வரை கூடவே இருந்தால் குழந்தை பயப்படாது என்று நமக்கெல்லாம் தோன்றுகிறது, ஆய்வுகள் அதை அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. 1998ல் அமெரிக்காவில் நேருக்கு நேர் ஒப்பிட்டதில், அம்மா அப்பா உடன் இருப்பதைவிட வாய்வழி மிடாசோலம்தான் குழந்தையின் பயத்தைக் கூடுதலாகக் குறைத்தது. 2015ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கையும், பெற்றோர் உடன் இருப்பதால் மட்டும் குழந்தையின் பதற்றம் குறைவதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. அம்மா நடுங்கினால் மடியில் இருக்கிற பிள்ளைக்கு அது தெரியாமல் போகுமா? அதோடு, மாஸ்க் வைத்ததும் பிள்ளையின் கண் மேலே செருகி, உடம்பு தளர்ந்து தொங்குவதை முன்னறிவிப்பு இல்லாமல் பார்க்கிற அம்மா அங்கேயே மயங்கி விழலாம். அவரை வெளியே கூட்டிப் போக ஒரு ஆள் வேண்டும், சரியாக அந்த நிமிஷத்தில் தியேட்டரில் யாருடைய கையும் சும்மா இருக்காது.

அதற்காக அம்மாவை வாசலிலேயே பிடுங்கி விடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நிதானமான அம்மா, என்ன பார்க்கப் போகிறோம் என்று முன்பே சொல்லப்பட்டவர், மருத்துவமனையும் அனுமதிக்கிறது என்றால் நல்லதுதான். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பொதுவாக யார் தூக்கினாலும் சரி. ஒன்றிலிருந்து ஐந்து வயதுதான் சிக்கல், அங்கே மருந்து, பெற்றோர், மொபைல் மூன்றையும் கலந்துதான் யோசிக்க வேண்டும். வாய்வழி மருந்துக்கு அளவு பொதுவாகக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், இருபது முப்பது நிமிஷம் முன்னால் போக வேண்டும், கசப்பு என்பதால் இனிப்பு சிரப்பில் கலந்தாலும் பாதியைத் துப்புகிற பிள்ளைகள் உண்டு. துப்பினால் நாமாக மறுபடி கொடுக்கக் கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும்.

நான்கு: பாட்டும் மொபைலும்

இதை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2013 காக்ரேன் அறிக்கை 26 ஆய்வுகள், 2051 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து, ஆபரேஷனுக்கு முன் பாட்டுக் கேட்பது பதற்றத்தைக் குறைக்கிறது என்றது. 2019ல் பென்சில்வேனியாவில் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசிக்கு முன்னால் 157 பேரில் பாதிப் பேருக்கு மிடாசோலம், பாதிப் பேருக்கு ஹெட்ஃபோனில் இசை. பதற்றம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் ஹெட்ஃபோன் மாட்டியவர்களோடு பேசுவது கஷ்டமாக இருந்தது, திருப்தியும் ஊசி போட்டவர்களுக்குத்தான் கூடுதல். அதனால் என் வழக்கம் ஒரு காதில் மட்டும் மாட்டுவது, மற்ற காது நமக்கு. பாட்டு அவர் கேட்டதாக இருக்க வேண்டும். சாமி பாட்டுதான் எல்லாருக்கும் அமைதி என்று நாமாக முடிவு செய்து போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, தியேட்டரில் சாமி பாட்டு கேட்டதும் "ஏன், அவ்வளவு மோசமா?" என்று கேட்டவர்களும் உண்டு.

பாட்டு உண்மையிலேயே ஜெயிக்கிற இடம் முதுகு ஊசியில் நடக்கும் மூட்டு மாற்று ஆபரேஷன். ஆள் முழித்திருக்கிறார், வலி இல்லை, ஆனால் ரம்பமும் சுத்தியலும் பச்சையாகக் காதில் விழுகின்றன. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பேச்சும் உதவாது, வீட்டு ஆளும் உள்ளே வர முடியாது.

குழந்தைக்கு மொபைலில் கார்ட்டூன் நல்ல ஆயுதம், ஆனால் வார்டிலேயே கொடுத்துத் தீர்த்துவிட்டால் தியேட்டர் வாசலில் அதற்கு மதிப்பு இருக்காது. ஸ்ட்ரெச்சர் நகரும்போதுதான் வெளியே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு பார்வையில்

| | பேச்சு | மாத்திரை / ஊசி | வீட்டு ஆள் | பாட்டு / மொபைல் |
|---|---|---|---|---|
| பயத்தின் காரணத்தைத் தொடுமா | தொடும் | தொடாது | ஆளைப் பொறுத்தது | தொடாது, கவனத்தைத் திருப்பும் |
| பலன் தெரியும் நேரம் | கால் மணி நேரம், முதல் நாளே செய்தால் நல்லது | ஊசி 2–3 நிமிஷம், மாத்திரை ஒரு மணி நேரம் வரை | உடனே | சில நிமிஷம் |
| எழும்போது விலை | இல்லை | தாமதமான தெளிவு, குழப்பம், மூச்சு மந்தம் | இல்லை | இல்லை |
| மறைவான செலவு | நர்ஸின் நேரம் | கண்காணிப்பு, விழும் அபாயம், கையெழுத்துச் சிக்கல் | ஆளைக் கவனிக்க இன்னொரு ஆள் | பேச்சு காதில் விழாது, ஹெட்ஃபோன் சுத்தம் |
| ஒத்துவராதவர் | விவரம் கேட்க விரும்பாதவர், சின்னக் குழந்தை | முதியவர், மூச்சுப் பிரச்சினை உள்ளவர் | பதறும் உறவினர் உள்ளவர் | காது கேளாதவர் |

தெளிந்த பிறகு: யார் பக்கத்தில் நிற்பது?

முன்னால் செய்வதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், ரெகவரியில் நடப்பதை யாரும் கேட்பதில்லை. அங்கே தேர்வு மூன்று: நர்ஸே கூட நிற்பது, வீட்டு ஆள் ஒருவரைச் சீக்கிரம் உள்ளே விடுவது, அமைதிக்கு மறுபடி ஊசி.

மூன்றுக்கும் முன்னால் பழைய விதிதான். எழுந்திருக்கப் பார்க்கிறார், கையை உதறுகிறார், டியூபை இழுக்கிறார் என்றால் முதலில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்க வேண்டும். அப்புறம் வலி, அப்புறம் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா என்பது, அப்புறம் குளிர். ஆக்ஸிஜன் குறைந்து தவிக்கிறவருக்குத் தூக்க ஊசி போட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சிறுநீர்ப்பை நிறைந்து துடித்த தாத்தாவை "மயக்கத்துல முரண்டு பண்றார்" என்று நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததையும், ஒரு டியூப் போட்டதும் அவர் அப்படியே தூங்கிப்போனதையும் பார்த்த பிறகு "முரண்டு" என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

நர்ஸ் கூட நிற்பது எல்லாருக்கும் அடிப்படை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, ரெகவரி ரூம்ல இருக்கீங்க, உங்க பொண்ணு வெளியே இருக்கு" என்று மூன்றே விஷயம். ஐந்து நிமிஷத்தில் "ஆபரேஷன் எப்போ பண்ணுவீங்க?" என்று மறுபடி கேட்பார். மருந்தால் நினைவு நிற்காது, முதல் தடவை சொல்வது போலவே திரும்பச் சொல்ல வேண்டும். காரணமே இல்லாமல் அழுகிறவர்கள் உண்டு, ஏன் அழுகிறீர்கள் என்று குடைய வேண்டாம்.

வீட்டு ஆளை விடுவதில் நான் இன்னும் தாராளமாக இருக்கலாம் என்கிற பக்கம். மற்ற நோயாளிகளின் மறைவு, இட நெருக்கடி, தொற்று எல்லாம் உண்மையான கஷ்டங்கள்தான். அதனால் எல்லாருக்கும் வேண்டாம், இரண்டு பேருக்கு மட்டும். ஒன்று குழந்தை. பால்வாடி வயதுப் பிள்ளைகள் சிலர் செவோஃப்ளூரேன் மாதிரி வாயு மயக்கத்திலிருந்து எழும்போது அம்மாவையே அடையாளம் தெரியாமல் கத்தி உதைப்பார்கள், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இதை அம்மாவிடம் முன்பே சொல்லாமல் உள்ளே விட்டால் "என் பிள்ளைக்கு மூளைக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று அவர் அலற, இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டிவரும். சொல்லிவிட்டு விட்டால் பிள்ளையைப் பிடிக்க நல்ல கை கிடைக்கும்.

இன்னொன்று எழுபது தாண்டியவர்கள். கண்ணாடி, காது மிஷின், பல்செட் மூன்றையும் கழட்டி ஒரு கவரில் போட்டு வெளியே கொடுத்துவிட்டு, பார்வையும் காதும் பேச்சும் இல்லாத ஒருவரிடம் "ஏன் இப்படிக் குழம்புறீங்க?" என்று கேட்கிறோம். முழிப்பு வந்ததும் அவை திரும்பப் போய்ச் சேர வேண்டும், தெரிந்த குரல் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். பெரியவர்களின் குழப்பம் முதல் இரண்டு மூன்று நாளில், அதுவும் ராத்திரியில்தான் கூடும் என்பதால் இந்த வேலை வார்டிலும் தொடர வேண்டும். 1999ல் அமெரிக்காவில், ஆபரேஷன் அல்லாத பொது வார்டு முதியவர்களிடம் இப்படிச் சாதாரண விஷயங்களையே ஒழுங்காகச் செய்து பார்த்ததில் குழப்பம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாக இறங்கியது. கத்துகிற தாத்தாவை எல்லாரும் கவனிக்கிறார்கள், சுவரைப் பார்த்துப் பேசாமல் படுத்திருக்கும் பாட்டிக்கும் அதே குழப்பம் இருக்கலாம். இவர்களுக்கு மிடாசோலம் மாதிரி ஊசி நிலைமையைக் கெடுக்கவே வாய்ப்பு அதிகம், குடி நிறுத்தியதால் வந்த நடுக்கம் என்றால் மட்டும் கணக்கு மாறும், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆளைப் பார்த்து

குறிப்பான சந்தேகம் உள்ள நடுவயதுக்காரருக்குப் பேச்சு மட்டும் போதும். முதுகு ஊசியில் மூட்டு மாற்று என்றால் முதல் நாள் பேச்சு, மறுநாள் பாட்டு. மூன்று வயதுக் குழந்தைக்கு மருந்தும் மொபைலும், அம்மா நிதானமானவர் என்றால் அவரும். எண்பது வயதுப் பாட்டிக்கு மகளும் கண்ணாடியும், மாத்திரை வேண்டாம் என்று டாக்டரிடம் நினைவுபடுத்துவதும். பதற்ற நோய்க்கு ஏற்கெனவே வைத்தியம் பார்க்கிறவருக்கு மருந்தை முதலிலேயே யோசிக்கலாம்.

கரு கலைந்து சுத்தம் செய்ய வருகிற பெண்ணுக்கு இந்த நான்கில் எதுவுமே முதல் வேலை இல்லை. மயக்கம் தெளிந்ததும் அவரைப் பிரசவ வார்டில், குழந்தை அழுகிற கட்டிலுக்குப் பக்கத்தில் போடாமல் வேறு பெட் பார்த்து வைப்பதுதான் முதல் வேலை, அதைத் தியேட்டருக்கு அனுப்பும் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

நடுராத்திரி விபத்துக் கேஸ், சிசேரியனுக்கு ஓடுகிற நேரம் என்றால் ஒப்பிட்டுப் பார்க்க நேரமில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே, இப்போது என்ன நடக்கப் போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகலாம்: "இப்போ லிஃப்ட்ல போறோம், உள்ளே குளிரா இருக்கும், நெஞ்சுல மூணு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, முகத்துல மாஸ்க் வைப்பாங்க, அதுல வர்றது ஆக்ஸிஜன்தான்."

நேரம் இருக்கிற கேஸ் எல்லாவற்றிலும், வார்டில் கேட்டுத் தெரிந்துகொண்ட பயத்தைக் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள். "முழிப்பு வராதோ என்று பயம், மயக்க டாக்டர் கூடவே இருப்பார் என்று சொல்லியிருக்கிறது, வலது காது கேட்காது, தங்கை பெயர் சொன்னால் அமைதியாகிறார்." ஷிஃப்ட் மாறி, தியேட்டர் நர்ஸ் கை மாறி, ரெகவரியில் வேறொருவர் நிற்கும்போது அவருக்குக் கிடைப்பது அந்த ஒரு வரிதான்.